காடாத்துணிக்குள் மிக்கேல்

கயிற்றின் முடிச்சு எங்கே இருக்கிறதென்று ஷாலினி மேரியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பீடத்தை இடப்பக்கமாக ஒருமுறை சுற்றினாள். பிறகு வலப்பக்கமாக. சிலையின் தலையிலிருந்து பாதம் வரைக்கும் காடாத்துணி போர்த்தியிருந்தது. அதன்மேல் கழுத்திலும் இடுப்பிலும் முழங்காலிலும் நைலான் கயிறு சுற்றியிருந்தது. சுற்று இருந்தால் அது தொடங்கிய இடமும் முடிந்த இடமும் இருந்தாக வேண்டும். இரண்டும் கண்ணில் படவில்லை.

அவிழ்ப்பதற்காக அவள் வரவில்லை. அவிழ்க்கக் கூடாது என்பது ஊரில் மற்றவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இந்தத் தேர்தலில் வாக்குச்சாவடி வேலை போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்று எப்படி அமைந்திருக்கிறதென்று பார்த்துவிட்டால் அதைப் பற்றிய கலக்கம் பாதி அடங்கிவிடும், அவள் சுபாவம் அப்படி. அதனால்தான் வீட்டில் ஆட்கள் சேர்வதற்கு முன்பே முக்குக்கு வந்து நின்றாள்.

கோயிலில் துக்க மணி அடிக்கத் தொடங்கியது. அம்மாவுக்கான மணி.

அம்மா மரிய புஷ்பம் முந்தின நாள் சாயங்காலம் காப்பி கேட்டாள். ஷாலினி ஆற்றிக் கொடுத்ததில் ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை பத்தல" என்றாள். சர்க்கரை போட்டு எடுத்து வருவதற்குள் சுவரில் சாய்ந்திருந்தாள். குறை சொல்லி முடித்த திருப்தி முகத்தில் அப்படியே இருந்தது. ஷாலினி கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு தொட்டுப் பார்த்தாள். ஊர் முழுக்க அதைக் கொடுத்துவைத்த சாவு என்றுதான் பேசியது. ஷாலினிக்கும் அதில் மறுப்பில்லை. இருமல் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, யாருக்கும் கடைசி நேரத்துப் பதற்றம் இல்லை. ஒரு சொல் மட்டும் பாக்கி இருந்தது. அது ஷாலினி கொடுத்த சொல்.

துணிக்குள் நின்றது அவளுடைய அண்ணன். லெப்டினன்ட் கமாண்டர் மிக்கேல் ராஜ், இந்தியக் கடற்படை. புயல் வந்த ஒரு வருஷத்தில் கவிழ்ந்த மீன்பிடிப் படகைத் தேடி ஒரு ரப்பர் படகில் ஆட்களோடு போனான். மீனவர்கள் திரும்பி வந்தார்கள், கூடப் போனவர்கள் வந்தார்கள், அவன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. சவேரியார்குறிச்சியின் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்கு இடம் இருக்கிறது. பக்கத்தில் அம்மாவுக்காக இன்று குழி வெட்டுகிறார்கள். மிக்கேலுக்கு அங்கே ஒன்றும் இல்லை. அவனுக்கு இருப்பதெல்லாம் ஜெயங்கொண்டம் பஸ் நிற்கிற இந்த முக்கில், முன்னாள் ராணுவத்தினரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வைத்த சிமெண்டுச் சிலைதான்.

சிலை வந்த நாளிலிருந்து அம்மா அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். முதலில் பெயிண்டர் காக்கி அடித்துவிட்டான். யூனிபாரம் என்றால் காக்கி என்பது அவன் கணக்கு. அம்மா பீடத்தின் கீழே நின்று, "எம்மவன் ஏட்டு இல்லடா, நேவி ஆபீசரு. வெள்ளை அடி" என்று சாயங்காலம் வரைக்கும் நகரவில்லை. அவன் வெள்ளை அடித்தான். வெள்ளை அழுக்காகும் என்பதால் மழைக்காலம் முடிந்ததும் அவளே வாளியோடு வந்து பாசியைத் தேய்ப்பாள். மற்ற நாட்களில் முந்திரி உடைக்கப் போகும்போது, "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போவாள். நின்று அழுததாக யாரும் பார்த்ததில்லை.

சிலையின் கையும் அவள் சொல்படி அமைந்ததுதான். போலீஸ்காரர் சல்யூட் அடித்தால் உள்ளங்கை எதிரில் நிற்பவருக்குத் தெரியும். கடற்படையில் அப்படி இல்லை. உள்ளங்கை தரையைப் பார்த்து இருக்கும். அந்தக் காலத்துக் கப்பல்களில் கயிற்றையும் தாரையும் பிடித்துப் பிடித்துக் கை கறுத்துப் போயிருக்கும், அதை மேலதிகாரிக்குக் காட்டக் கூடாதென்று வந்த வழக்கம் என்பார்கள். ஒரு லீவில் மிக்கேல் இதை அம்மாவுக்குச் செய்து காட்டி, "ஒங்கை மாதிரிதாம்மா, எங்க ஆளுங்க கையும்" என்றான். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு அம்மாவின் விரல்கள் எப்போதும் கறுத்தே இருக்கும். விருந்துக்குப் போனால் முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். அந்த லீவுக்குப் பிறகு மறைப்பதை விட்டுவிட்டாள். சிலை செய்கிறவர் களிமண்ணில் கையைப் பிடித்தபோது பக்கத்தில் நின்று, "உள்ளங்கை தெரியக் கூடாதுங்க" என்று ஒன்றை மட்டும்தான் கேட்டாள்.

சிலைகளை ஏன் மூடுகிறார்கள் என்பது ஷாலினிக்குத் தெரியும். தேர்தல் அறிவித்ததும் ஓட்டர்களின் மனதைத் தலைவர்களின் முகம் சாய்த்துவிடக் கூடாதென்று துணி கட்டுகிறார்கள். மிக்கேலுக்கும் தேர்தலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சிலையைத் திறந்துவைத்த அமைச்சரின் பெயர் பீடத்துக் கல்வெட்டில் இருந்தது. கல்வெட்டை மட்டும் மூடினால் போதும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எங்கள் தலைவரை மூடினால் எல்லாரையும்தான் மூட வேண்டும் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் எல்லாரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்ட விஷயம் அந்த ஊரில் அநேகமாக அது ஒன்றுதான்.

அம்மாவுக்கு அது தெரிந்தபோது சிரித்தாள். நடை தளர்ந்து கட்டிலோடு இருந்த நாட்கள் அவை.

"மூடட்டும். வெயிலுக்கு நல்லதுதான். பெயிண்டு வெளுக்காது."

கொஞ்ச நேரம் கழித்து, "என்னை எடுத்துட்டுப் போறப்ப மட்டும் மூடி வச்சிராதீங்க" என்றாள்.

"இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு? நீ அவனைப் பாக்கணும்னா ஆட்டோல கூட்டிட்டுப் போறேன்."

"நான் எதுக்குடி பாக்கணும்? நெதமும் பாத்தவதானே. அவன் என்னைப் பாக்கணும்ல? அவனுக்குத்தான் பாக்கக் கெடைக்கல."

ஷாலினி, "சரிம்மா" என்றாள்.

பைக் சத்தம் கேட்டுத் திரும்பினாள். தம்பி சகாய ஆனந்த் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தான். சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தான்.

"தள்ளுக்கா. ரெண்டு நிமிஷ வேலை."

"கத்தியை உள்ள வைடா."

"யாரு கேப்பா? இது நம்ம அண்ணன்."

"தேர்தல் அறிவிக்கிற வரைக்கும் நம்ம அண்ணன். ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் தேர்தல் ஆணையத்து அண்ணன். நீ அறுத்தா ஒம்மேல கேஸு. அடுத்த மாசம் குவைத்துக்குப் போலீஸ் சர்டிபிகேட் யாரு குடுப்பா?"

"அப்ப நீ அவுரு."

"நான் அவுத்தா சஸ்பெண்டு. ரெண்டு பேரும் வூட்டுல ஒக்காந்து முந்திரி ஒடைக்கலாம்."

ஆனந்த் கத்தியை மடக்கினான். துணியை அண்ணாந்து பார்த்தான்.

"அம்மா ஒன்னுதாங்க்கா கேட்டுச்சு."

"தெரியும்டா."

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மாவைக் குளிப்பாட்டி, பெட்டியில் வைத்திருந்தார்கள். கைகளில் செபமாலை சுற்றியிருந்தது. தலைமாட்டில் இருசம்மாள் உட்கார்ந்திருந்தாள். அம்மாவோடு ஒரே கொட்டகையில் முந்திரி உடைத்தவள். வேறு சாமி கும்பிடுகிறவள் என்றாலும் அம்மாவின் எல்லாச் செபங்களும் அவளுக்கு மனப்பாடம்.

"வெரலைத் தேய்ச்சுப் பாத்தேன் ஷாலினி, போவல. நம்ம மொதலாளி கொட்டை எண்ணெய் மோட்சம் வரைக்கும் வரும்போல."

"இருக்கட்டும் சின்னம்மா."

"அங்க போயி கொட்டை ஒடைக்கச் சொன்னா ஒடைக்காதடி புஷ்பம். கூலி பேசிட்டு ஒடை."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

பதினொரு மணி வாக்கில் துணைத் தாசில்தார் ஹேமலதா வந்தார். தேர்தல் வகுப்பில் ஷாலினிக்குப் பாடம் எடுத்தவர். மாலையைப் பெட்டிமேல் வைத்து, கும்பிட்டுவிட்டு, "அடுத்த வகுப்புக்கு நீங்க வர வேணாம் டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்றார். அவருடைய ஜீப்பில் பறக்கும் படை வீடியோக்காரர் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஷாலினி ஹேமலதாவைப் பந்தலின் ஓரத்துக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். அம்மா கேட்டதையும் தான் சரி என்றதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அஞ்சு நிமிஷம் தொறந்துட்டு மூடிக்கலாமா மேடம்?"

ஹேமலதா கையிலிருந்த சோடாவை ஒரு மடக்குக் குடித்தார்.

"டீச்சர், நான் சரின்னு சொன்னா, அந்தப் பக்கத்து ரோட்டுல நிக்கிற தலைவருக்கு நாளைக்குப் பொறந்த நாளுன்னு நாலு பேரு வந்து நிப்பாங்க. அவுங்களுக்கு ஒரு தலைவரைத் தொறந்தா, இவுங்களுக்கு ஒருத்தரைத் தொறக்கணும். தொறக்கச் சொல்ற அதிகாரம் என்கிட்ட இல்ல. கலெக்டருக்கு எழுதிக் குடுங்க, பதில் வரும். ஆனா பொட்டி அதுவரைக்கும் காத்திருக்காதே."

பின்னாலேயே வந்திருந்த இருசம்மாள் குறுக்கே விழுந்தாள். "எங்க புஷ்பத்துக்கு அவன் மவன். ஒங்களுக்கு அவன் எந்தக் கட்சிங்கம்மா?"

"எந்தக் கட்சியும் இல்லாததுதான் பிரச்சினை பெரியம்மா. கட்சி இருந்தா அந்தக் கூட்டத்துல அவருக்காகப் பேச ஒரு ஆளு இருந்திருக்கும்."

ஹேமலதா கிண்டலாகச் சொல்லவில்லை. ஷாலினிக்கு அவர்மேல் கோபமும் வரவில்லை. அவர் இடத்தில் தான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று தோன்றியது. ஆனால் நான்கு மணிக்கு அம்மாவை எடுக்கிறார்கள். திறக்கக் கூடாது. திறந்திருக்க வேண்டும். இரண்டும் சரி. இரண்டும் சேர்ந்து நிற்க முடியாது.

மத்தியானம், பேரூராட்சி மேஸ்திரி ராஜவேல் ஒரு சம்பங்கி மாலையோடு வந்தார். பெட்டியின் முன் நின்றவர் திரும்பி ஷாலினியைப் பார்க்கவே தயங்கினார்.

"நான்தான் டீச்சர் கட்டினேன். அம்மா மனசுல வச்சிக்கிட்டாங்களோ என்னமோ."

"வெயிலுக்கு நல்லதுன்னாங்க. ஒக்காருங்கண்ணே." காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள். "முடிச்சு எங்கண்ணே போட்டீங்க? நான் தேடிப் பாத்தேன், காணோம்."

ராஜவேலுக்கு முகம் தெளிந்தது. "வெளிய போட்டா பசங்க அவுத்துருவாங்க டீச்சர். கயித்தை முதுகுப் பக்கம் துணிக்குள்ள வுட்டு, உள்ளயே முடி போட்டு, துணியை இழுத்து வுட்டுருவேன். கைய உள்ள வுட்டுத் தடவுனாத்தான் கெடைக்கும்."

"காத்தடிச்சா?"

"அதான் தொல்லை. பைபாஸ் பக்கம் ஒரு சிலைக்குப் போன வாரம் துணியை மாத்த வேண்டியதாப் போச்சு. கிழிஞ்சு தொங்கினா மறுநாளே புகார். கிழிஞ்சா ஒடனே மாத்தணும்னு உத்தரவே போட்டிருக்காங்க."

ஷாலினி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"மாத்துறதுன்னா எப்படி? பழசு மேலயே புதுசைக் கட்டிருவீங்களா?"

"அதெப்படி டீச்சர்? ரெண்டு துணிக்கு நடுவுல காத்து பூந்துக்கும். மூட்டை மாதிரி உப்பி, கயித்தை அத்துட்டுப் போயிரும். பழசை அவுத்துட்டுத்தான் புதுசு."

"அதுக்கு யாருகிட்ட அனுமதி கேக்கணும்?"

"மாத்துறதுக்கா? மாத்தலன்னாத்தான் கேப்பாங்க."

ஷாலினி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். வகுப்பில் ஒரு சோதனையைத் தொடங்கும் முன் அவள் அப்படி நிற்பது வழக்கம். பிறகு கேட்டாள்.

"துணி மொதல்ல எங்க கிழியும்ணே?"

"அது சிலையைப் பொறுத்தது. கை நீட்டிட்டு நிக்கிற தலைவருன்னா வெரல் நுனியில. புஸ்தகம் வச்சிருந்தா புஸ்தக மூலையில. கும்பிடுற தலைவருக்கு ஒன்னும் ஆவாது, அப்படியே இருக்கும்."

"சல்யூட் அடிச்சா?"

ராஜவேல் காப்பியை வாயருகில் கொண்டுபோனவர் நிறுத்தினார். தன் வலது கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார். பந்தலில் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். துருத்திக்கொண்டு நின்ற தன் முழங்கையை அவரே இடது கையால் தொட்டுப் பார்த்தார்.

"இங்கதான்" என்றார்.

இருவரும் முக்குக்குப் போனார்கள். ஆனந்த் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். ஷாலினி காலையில் தேடியது கயிற்றில். அண்ணாந்து பார்த்தபோதும் கிழக்கே இருந்து வந்த வெளிச்சம் கண்ணைக் கூச வைத்திருந்தது. ராஜவேல் ஏணியில் ஏறி, சிலையின் வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"டீச்சர், கிழிஞ்சிதான் இருக்கு. முழங்கை எட்டிப் பாக்குது."

ஒரு எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை. பங்குனிக் காற்று துணியை இழுத்து இழுத்து விட, சிமெண்டின் கூர்மை அதை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் கத்தி வைக்கவில்லை.

ஷாலினி அங்கேயே நின்று ஹேமலதாவுக்குப் போன் செய்தாள்.

"மேடம், எங்க ஊரு முக்குல கட்டியிருக்கிற துணி கிழிஞ்சிருக்கு. தகவல் சொல்லணும்ல, அதான்."

எதிர்முனையில் ஜீப் நிற்கிற சத்தம் கேட்டது.

"கிழிஞ்சிருக்கா, கிழிச்சிருக்காங்களா?"

"தானாக் கிழிஞ்சது. வந்து பாருங்க. வீடியோவே எடுங்க."

"மேஸ்திரி இருக்காரா? போனைக் குடுங்க." ராஜவேல் ஏணியிலிருந்து இறங்கி, போனைக் காதில் வைத்ததும் தன்னையறியாமல் விறைப்பாக நின்றார். ஹேமலதாவின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. "புதுத் துணி கையில இருக்கா? எப்ப மாத்துவீங்க?"

"நாலு மணிக்கு எடுக்குறாங்க மேடம். இங்க வரதுக்கு ஒரு நாலேகால்..."

"பொட்டி எப்ப வருதுன்னு நான் கேக்கல. துணி எப்ப மாத்துவீங்கன்னு கேட்டேன்."

ராஜவேல் ஷாலினியைப் பார்த்தார். ஷாலினி ரோட்டைப் பார்த்தாள்.

"நாலேகாலுக்கு மேடம்."

"முழுசா வீடியோ எடுப்போம். கிழிசல் தெரியணும், பழசை எடுக்கறது தெரியணும், புதுசு கட்டி முடிச்சது தெரியணும். அவசர அவசரமாக் கட்டி மறுபடி கிழிய வுட்டுராதீங்க. நிதானமா செய்யுங்க."

பெட்டியை எடுத்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. முன்னால் சிலுவையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு பேண்டு, பிறகு அம்மா. கோயிலுக்குப் போகிற வரைக்கும் மூடியைப் போடுவதில்லை. ஆனந்த் தலைப்பக்கத்தில் தோள் கொடுத்திருந்தான். பெட்டியின் கூடவே நடந்த ஷாலினிக்கு அம்மாவின் மூக்கு நுனியும் செபமாலையின் சிலுவையும் தெரிந்தன. இருசம்மாள் பக்கத்தில் செபம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வரியையும் விடவில்லை.

முக்கில் ஜீப் நின்றிருந்தது. ஹேமலதா நிழலில் நின்று வேறொரு ஊர்க்காரரோடு போனில் கறாராகப் பேசிக்கொண்டிருந்தார். வீடியோக்காரர் முதலில் ஓட்டையைப் படம் பிடித்தார். ராஜவேல் ஏணியில் ஏறி, துணிக்குள் கையை விட்டுத் தடவினார். கழுத்துக் கயிறு தளர்ந்தது. இடுப்புக் கயிறு. முழங்கால் கயிறு. துணியைப் பிடித்து இழுத்தார். அது தொப்பியிலிருந்து வழுக்கி, முழங்கையில் மாட்டி நின்றது. ஓட்டையை விரித்து அதையும் விடுவித்தார்.

வெள்ளை யூனிபாரத்தில் மிக்கேல் நின்றான். மூடியிருந்ததால் வண்ணம் வெளுக்காமல் இருந்தது.

யாரும் சொல்லாமலே பேண்டு நின்றது. பெட்டியைத் தூக்கியிருந்தவர்கள் நின்றார்கள். அம்மாவின் முகம் ஆகாயத்தைப் பார்த்திருந்தது. ஆனந்த் ஒருமுறை மேலே பார்த்தான். பிறகு எதிர்த் தோளில் இருந்தவனுக்குக் கண்ணைக் காட்டினான். இருவருமாகத் தலைப்பக்கத்தை மெல்ல உயர்த்தினார்கள். கால்பக்கத்தில் இருந்தவர்கள் சற்றுக் குனிந்து கொடுத்தார்கள். ஷாலினி பெட்டிக்குள் கையை நீட்டி, அம்மா சரியாமல் இருக்கத் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கும்பகோணம் போகிற பஸ் ஒன்று வந்து, ஹாரன் அடிக்காமல் பின்னால் நின்றது.

ராஜவேல் பழைய துணியைத் தரையில் விரித்தார். மூலையோடு மூலையைச் சேர்த்து மடித்தார். ஒரு பக்கம் கோணலாக இருந்ததால் பிரித்து மறுபடி மடித்தார். வீடியோக்காரர் அதையும் எடுத்தார்.

கிழிந்த துணியை அப்படித்தான் மாற்ற வேண்டும். புதியதைப் பழையதன்மேல் கட்டக் கூடாது, காற்று புகுந்துவிடும். பழையதை முழுதாக அவிழ்த்து இறக்கி, மடித்து, ஓரமாக வைக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் புதிய துணியைக் கையில் எடுக்க வேண்டும்.